திறக்கும் தேதி

"என் தங்கையை ஒரு மே மாத லீவு முழுங்கிவிட்டது" என்று நான் சொன்னதும் ஸ்டாஃப் ரூமில் பேச்சு நின்றது. ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த வாக்கியத்தை நான் முதல் தடவையாகச் சொல்லவில்லை. பி.எட். படித்தபோது ஒரு கருத்தரங்கில் சொல்லியிருக்கிறேன். இந்த வேலைக்கான இன்டர்வியூவில் சொல்லியிருக்கிறேன். எங்கே சொன்னாலும் ஒரு நிமிடம் எல்லாரும் இப்படித்தான் அடங்குவார்கள். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நிமிடத்துக்காக நான் காத்திருப்பேன்.

அடையாறில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். அது ஏப்ரல் மாதம். ஆண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டுகளோடு உட்கார்ந்திருந்தோம். பிரின்சிபல் மேடம் ஒரு சுற்றறிக்கையைக் கையில் கொண்டுவந்திருந்தார். மே மாதத்து நீண்ட விடுமுறையை எடுத்துவிட்டு, ஒன்பது வாரம் பள்ளி, இரண்டு வாரம் விடுமுறை என்று வருடம் முழுக்கப் பிரித்துப் போடலாமா என்பது கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். கீழே காரணம் எழுத நான்கு கோடு. சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அன்றைக்கே ஆசிரியர்களும் எழுதித் தரவேண்டும்.

மயிலாப்பூரிலிருந்து வரும் கணக்கு டீச்சருக்குக் கோபமே வந்துவிட்டது. "மே மாசம் லீவு இல்லேன்னா நான் பொண்ணாத்துக்கு எப்போ போறது? ரெண்டு வாரத்துல அமெரிக்கா போயிட்டு வந்துண்டிருக்க முடியுமா? அங்க போய் தூக்கம் சரியாறதுக்கே ஒரு வாரம் ஆறது."

"மே மாசம் கிரவுண்டுல பசங்களை நிக்க வெச்சா முதல்ல நான்தான் மேடம் மயங்கி விழுவேன்" என்றார் பி.டி. சார்.

"நீங்க எப்போ சார் கிரவுண்டுல நின்னேள்? மரத்தடியில சேர் போட்டுண்டு விசில்தானே ஊதறேள்?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். பிறகு மீதிக் கதையையும் சொன்னேன். கணக்கு டீச்சர் என் தோளைத் தொட்டார். பிரின்சிபல் மேடம், "இதை அப்படியே சனிக்கிழமை பேரண்ட்ஸ் முன்னாடி சொல்லுங்க. உங்களை மாதிரி ஒருத்தர் சொன்னாத்தான் எடுபடும்" என்றார். 'உங்களை மாதிரி' என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தலையாட்டினேன்.

நான் சொன்ன கதை இதுதான்.

எங்கள் வீட்டில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பட்டினப்பாக்கத்தில் இருந்தோம், இன்றும் அங்கேதான் இருக்கிறோம். அப்பா படகுக்குப் போவார். அம்மாவுக்கு தி.நகரில் பிளவுஸ் துணி விற்கும் ஒரு மேட்சிங் சென்டரில் வேலை. பெருக்குவது, துடைப்பது, பிரித்துப் போட்ட துணியை மடிப்பது. இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. எட்டு வயதிலிருந்து வீட்டுக்கு வந்த எல்லாக் காகிதத்தையும் நான்தான் படித்தேன். கேஸ் புத்தகம், ஆஸ்பத்திரிச் சீட்டு, ரேஷன் கடை வாசலில் ஒட்டியிருப்பது. பக்கத்து வீட்டுக் காகிதங்களும் என்னிடம் வரும். "இரு, அவ ஸ்கூல்லேர்ந்து வந்து படிச்சி சொல்லுவா" என்று அம்மா சொல்லும் தோரணையைக் கேட்பதற்காகவே நான் வாசலுக்கு வெளியே கொஞ்சம் நின்றிருக்கிறேன்.

அந்த மே மாதம் நான் ஒன்பதாவது முடித்திருந்தேன், தங்கை எட்டாவது. அவள் படித்தது எட்டாவது வரைக்கும்தான் உள்ள மாநகராட்சிப் பள்ளி. ஒன்பதாவதுக்கு வேறு பள்ளியில் சேர வேண்டும். அதற்கு ரெக்கார்டு ஷீட் வேண்டும், எட்டாவது முடித்தாள் என்று பள்ளி எழுதிக் கொடுக்கும் தாள். ஜூனில் பள்ளி திறந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

பத்தாவது போகிறவள் என்று என்னை வீட்டில் விட்டுவிட்டு, அம்மா தங்கையைக் கடைக்குக் கூட்டிப்போனாள். வீட்டில் தகரக் கூரை. கடையில் ஏசி. தங்கைக்கு அதுவே போதுமாக இருந்தது. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம், எல்லாருக்கும் அண்ணாச்சி. முதல் நாள் அவர், "ஏ பிள்ள, சும்மாதான இருக்க, அந்த பிட்டெல்லாம் கலர் வாரியா அடுக்கு பாப்போம்" என்றாராம். தரையிலிருந்து கூரை வரை பிளவுஸ் பிட்டு. பச்சையில் மட்டும் நாற்பது பச்சை. ஒரு மாதத்துக்குள் அவளுக்கு எல்லாம் பழகிவிட்டது. யாராவது புடவையைக் கவுன்டரில் வைத்தால், விரித்துக்கூடப் பார்க்கமாட்டாள். ஏணியில் ஏறி ஒரே ஒரு பிட்டை உருவிக்கொண்டு இறங்குவாள். அதுதான் சரியாக இருக்கும்.

ஜூன் வந்தது. வெயில் குறையவில்லை என்று பள்ளி திறப்பதை ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள். டி.வி.யில் கீழே ஓடிய எழுத்தைப் படித்து அம்மாவுக்கு நான்தான் சொன்னேன். பிறகு இன்னொரு வாரம் தள்ளிப்போட்டார்கள். அதையும் நான்தான் சொன்னேன். அதற்குள் தங்கை கடையில் ஊன்றிவிட்டாள். பள்ளிக்குத் திரும்பவே இல்லை. ஒன்றரை மாதத்துக்கு மேல் பள்ளியை மூடி வைத்தால் ஒரு பெண் வேறொரு இடத்தில் வேர்விடத்தான் செய்வாள். பிளவுஸ் பிட்டில் கலர் பழக ஒரு மாதம் வேண்டும். இரண்டு வார லீவுக்கு எந்தக் கடைக்காரரும் ஒரு பிள்ளையை ஏணியில் ஏற்றிப் பழக்கமாட்டார். ஆகவே நீண்ட லீவு வேண்டாம்.

இதில் பொய் எதுவும் இல்லை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் நான் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், தங்கை கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறாள். அவளுக்குக் கடை பத்து மணிக்கு.

"சனிக்கிழமை எங்க ஸ்கூல் மீட்டிங்ல உன்னைப் பத்திப் பேசப் போறேன்" என்றேன். நல்ல செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

"என்னப் பத்தியா? இன்னான்னு?"

"நீ எப்படிப் படிப்பை விட்டேங்கிறதை. ஒரு மே மாத லீவு உன்னை முழுங்கிடுச்சுன்னு."

சீப்பு நடுத்தலையில் நின்றது. "லீவு முழுங்குச்சா? லீவு இன்னா முதலையா?"

"நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"'இன்னா'வ 'என்ன'ன்னு சொல்லக் கத்துக்கினதுக்குப் பேருதான் பி.எட்.டா?" கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். சிரித்தபடிதான் கேட்டாள். "ஸ்கூல் தொறந்துச்சா இல்லியா? ரெண்டு வாரம் கழிச்சி தொறந்துச்சு. நீ ஷூ மாட்டிக்கினு போன. அம்மா உன்ன தினம் ஒரு தபா கேட்டுச்சு. சின்னவ ஸ்கூல்ல பேப்பர் எந்தத் தேதி குடுக்குறாங்க, சொல்லு, அன்னிக்கி அண்ணாச்சிகிட்ட லீவு சொல்லிட்டு வர்றேன்னு. நீ இன்னா சொன்ன?"

நான் இஸ்திரிப் பெட்டியை அதே மடிப்பில் மறுபடி ஓட்டினேன்.

"'கேட்டு சொல்றேன்.' அதான் சொன்ன. தினம் அதான் சொன்ன. நானும் கடையில, நாளிக்கி நின்னுடுவேன் அண்ணாச்சி, நாளிக்கி நின்னுடுவேன்னு சொல்லிக்கினே இருந்தேன். கடையில எனக்குப் பேரே நாளைக்கின்னு வெச்சிட்டாங்கோ. 'ஏ நாளைக்கி, அந்த ராமர் பச்சைய எடு'ன்னுவாங்கோ. இப்ப கூட பழைய ஆளுங்க அப்டித்தான் கூப்புடறாங்க. தெரியாது உனக்கு?"

தெரியாது. இத்தனை வருடத்தில் அவள் கடைக்கு நான் இரண்டு தடவை போயிருப்பேன், இரண்டும் என் பிளவுஸுக்கு.

இஸ்திரிப் பெட்டியைத் துணியிலிருந்து தூக்கி நிமிர்த்தி வைத்தேன். அதன் சின்ன விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் நடக்கவில்லை. அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை. எனக்குள் ஒரு அறையில் விளக்கைப் போட்டுப் பார்த்தால் அங்கே சாமான் ஒன்றும் இல்லை என்பதுபோல் இருந்தது.

மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. அந்தப் பள்ளியில் நானும் எட்டாவது வரை படித்தவள். பிறகு மயிலாப்பூரில் பெண்கள் பள்ளியில் இடம் கிடைத்தது. டை, ஷூ, இரட்டைப் பின்னல். பஸ் தினமும் பழைய பள்ளியின் வாசலைத் தாண்டித்தான் போகும். இறங்கிக் கேட்டால் பத்து நிமிட வேலை. அந்த ஷூவோடு அந்த வாசலுக்குள் திரும்பப் போக எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் படித்துச் சொன்னவள் ஒரே ஒரு தேதியைக் கேட்டுச் சொல்லவில்லை. ஆடி மாதம் வந்தது, கடையில் கூட்டம் வந்தது, அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

"பேசறத பேசிக்கோ" என்றாள் தங்கை. பின்னலைப் போட்டு முடித்திருந்தாள். "அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வேலை செய்யி. அந்தப் பேப்பர் வோணும்."

"எதுக்கு?"

"பத்தாவது எழுதப்போறேன். பிரைவேட்டா. கடைக்கு வர்ற டியூஷன் மிஸ் ஒருத்தங்க சொன்னாங்க, எட்டாவது பேப்பர் இருந்தா நேரா பத்தாவது எழுதலாம்னு. பேர் குடுக்கறதுக்குக் கடைசி நாளு மே மாசத்துக்குள்ள வந்துடுமாம். ஸ்கூலு நாளிக்கியோட மூடறாங்கோ. அப்புறம் ஜூன்தான்."

"திடீர்னு ஏன்?"

"புதுசா ஒரு பொண்ணு வந்துகீது. பன்னெண்டாவது. வாடாமல்லிக்கும் கத்திரிப்பூவுக்கும் வித்தியாசம் தெரியாது. அவள கம்ப்யூட்டர்ல உக்கார வெச்சிட்டாங்கோ. என்னை ஏணியிலயே ஏத்திக்கினுகீறாங்க." பையை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பினாள். "இந்த லீவு இன்னொரு தபா முழுங்காம பாத்துக்கோ, டீச்சரம்மா."

வெள்ளிக்கிழமை மதியம் வரை பர்மிஷன் வாங்கினேன். இரண்டு பேரும் பஸ்ஸில் போகும்போது தங்கை அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். அவர் பேசுவது எனக்கே கேட்டது.

"அண்ணாச்சி, இன்னிக்கி லேட்டா வர்றேன்."

"எங்க போற?"

"ஸ்கூலுக்கு."

"எந்த ஸ்கூலுக்கு?"

"என் ஸ்கூலுக்குத்தான். பேப்பர் வாங்க."

"நாளைக்கி நாளைக்கின்னு சொல்லி, பதினோரு வருசம் கழிச்சி இன்னைக்குத்தான் விடிஞ்சுதாக்கும்? சரி, போயிட்டு வா தாயி."

பள்ளியில் பிள்ளைகள் யாரும் இல்லை. சத்துணவுக் கூடத்தில் பெரிய பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வகுப்பறைகளுக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. ஹெச்.எம். அறை மட்டும் திறந்திருந்தது. அவர் ஹேண்ட்பேகை மேஜை மேல் வைத்துக்கொண்டு எதையோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஹெச்.எம். இல்லை, புதியவர்.

நான் விஷயத்தைச் சொன்னேன். எந்த வருடம் என்று கேட்டார். சொன்னேன்.

"அதெல்லாம் பீரோ மேல மூட்டை கட்டிக் கிடக்கும்மா. நான் வந்தே ரெண்டு வருஷம்தான். ஒண்ணு பண்ணுங்க, ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் வாங்க. தேடி எடுத்து வெக்கிறேன்."

நானும் ஆசிரியை. ஆண்டின் கடைசி நாளில், ஹேண்ட்பேகை எடுத்து வைத்த பிறகு ஒருவர் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 'சரிங்க மேடம்' என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. என்னால் அந்தச் சொல்லை நிறுத்த முடியவில்லை. தங்கை முந்திக்கொண்டதால்தான் நின்றது.

"ஜூன்லதான் வரச் சொன்னாங்க மேடம். அப்ப வரல. அதனாலதான் இப்ப வந்துக்கீறேன்."

ஹெச்.எம். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "பீரோ மேல ஏறுவியா?"

"அதான் மேடம் என் வேலையே."

பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினாள். நான் கீழே நின்று மூட்டைகளை வாங்கி, மேலே எழுதியிருந்த வருடத்தைப் படித்தேன். இது இல்லை. இது இல்லை. தூசியில் ஹெச்.எம். தும்மினார். நான்காவது மூட்டையைப் படிப்பதற்கு முன்பே தங்கை மேலேயிருந்து, "அதான். அரக்கு கலர் அட்டை. எங்க வருஷம் அரக்கு, முந்தின வருஷம் பாட்டில் பச்சை" என்றாள். அவள் சொன்னது சரி.

பதிவேட்டுக்குள் ஒரு பழுப்பு உறை இருந்தது. உறைக்குள் நான்கு ரெக்கார்டு ஷீட். நான்கும் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, யாரும் வாங்கிப் போகாதவை. இரண்டாவது அவளுடையது. தேதி, அந்த ஜூனில் பள்ளி திறந்து மூன்றாவது நாள். தாள் தயாராகத்தான் இருந்திருக்கிறது. மூன்றாவது நாளிலிருந்து தயாராக இருந்திருக்கிறது.

தங்கை அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், துணியின் கலரை வெளிச்சத்தில் பார்ப்பதுபோல் பார்த்தாள். பெயர், பிறந்த தேதி, இடது முழங்கையில் மச்சம். பிறகு ஒரு வரியைச் சத்தமாகப் படித்தாள். "பள்ளியை விட்டு நீங்கியதற்கான காரணம்: மேற்படிப்பு."

இன்னொரு தடவை படித்தாள். "பரவால்லியே. யாரோ நல்லாத்தான் எழுதிக்கீறாங்கோ."

ஹெச்.எம். பதிவேட்டைத் திருப்பி வைத்தார். அவள் பெயருக்கு நேரே, பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து என்ற கட்டம் காலியாக இருந்தது. "பெரியவங்க யாராவது போடுங்க" என்றார். நான் பேனாவைத் திறந்தேன்.

"குடு" என்று தங்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இப்ப நானே பெரியவதான்."

மீதி மூன்று தாளையும் ஹெச்.எம். உறைக்குள் போட்டு, உறையைப் பதிவேட்டுக்குள் வைத்து, மூட்டையைக் கட்டினார். தங்கை ஏறி அதைப் பழைய இடத்தில் வைத்தாள்.

சனிக்கிழமை கூட்டம் பள்ளி ஆடிட்டோரியத்தில் நடந்தது. ஏசி அதிகமாக இருந்தது. ஒரு அம்மா, இரண்டு வாரத்தில் பிள்ளை எப்படி நீச்சல் கற்றுக்கொள்வான் என்று கேட்டார். ஒரு அப்பா, மே மாதம் பள்ளி இருந்தால் வேனுக்கு ஏசி உண்டா என்று கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

மைக்கைப் பிடித்து, "என் தங்கை ஒரு மே மாத லீவில் படிப்பை விட்டாள்" என்று ஆரம்பித்தேன். வழக்கமான அமைதி வந்தது. இந்தத் தடவை அது எனக்கு எதுவும் செய்யவில்லை. "அதற்கு லீவுதான் காரணம் என்று இத்தனை வருடமாகச் சொல்லிவந்தேன். அது பாதிதான். பள்ளி திறந்தது. திறந்த மூன்றாம் நாள் அவளுக்கான தாளும் தயாராக இருந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தேதியைக் கேட்டுச் சொல்லவேண்டியது என் வேலை. நான் கேட்கவில்லை." பிறகு, இரண்டு வார லீவுக்கு யாரும் ஒரு பிள்ளையை வேலைக்குப் பழக்கமாட்டார்கள் என்பதால் எனக்கு இந்தப் புதிய திட்டம் சரியென்றே படுகிறது என்றேன். ஆனால் லீவைப் பிரித்துப் போட்டால் பள்ளி வருடத்தில் பல தடவை மூடும், பல தடவை திறக்கும். ஒவ்வொரு தடவையும் அந்தத் தேதியை யாராவது வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும் என்றும் சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சிலர் கைதட்டினார்கள், கைதட்டவேண்டிய இடமா என்று தெரியாத மாதிரி. பிரின்சிபல் மேடம், "நெக்ஸ்ட்" என்றார்.

படிவத்தில் 'ஆம்' கட்டத்தில் குறி போட்டேன். காரணத்துக்கான நான்கு கோட்டில் ஒரு வரிதான் எழுத வந்தது: 'திறக்கும் தேதியைப் பெற்றோருக்கு நேரில் சொல்ல ஏற்பாடு வேண்டும்.' எங்கள் பள்ளிப் பெற்றோருக்கு அந்த ஏற்பாடு தேவையே இல்லை, எல்லாருக்கும் போனில் செய்தி போய்விடும். தெரிந்தும் எழுதிக் கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன்.

போன் அடித்தது. தங்கை. பின்னால் கடைச் சத்தம், யாரோ லைனிங் துணி கேட்கும் சத்தம்.

"அக்கா, அந்தப் பத்தாவதுக்குப் பேர் குடுக்க என்னிக்கி கடைசி நாளு?"

"கேட்டு சொல்றேன்" என்றேன்.

லைனிங் கேட்டவரின் குரல்கூட நின்றுவிட்டதுபோல் இருந்தது.

"வெக்காத" என்றேன். "இரு. லைன்லயே இரு."

காதிலிருந்து போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, அழைப்பைத் துண்டிக்காமல், தேர்வுத் துறையின் பக்கத்தைத் திறந்தேன். மெதுவாக வந்தது. அறிவிப்பைத் திறந்தேன். தனித்தேர்வர்கள் என்ற இடத்துக்கு விரலை நகர்த்தினேன். மூன்று நான்கு நிமிடம் ஆகியிருக்கும். அவள் வைக்கவில்லை, நடுவில் "ஏ நாளைக்கி, போன வெச்சிட்டு வாட்டி" என்று யாரோ கத்துவதும், "இருங்கண்ணே, வர்றேன்" என்று இவள் சொல்வதும் கேட்டது.

தேதியைப் படித்துச் சொன்னேன்.

"இன்னொரு தபா சொல்லு. பிட்டு அட்டையில எழுதிக்கிறேன்."

இன்னொரு தடவை சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே அதைத் திருப்பிச் சொன்னாள். சரியாக இருந்தது.